புதிய பதிப்பும் பழைய மேசையும்

2024ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்து வெள்ளிக்கிழமை இரவொன்றில், லண்டனின் புறநகர்ப் பகுதியொன்றிலுள்ள என் வீட்டு உணவு மேசையின் நடுவே ஒரு புதிய புத்தகம் கிடந்தது. 384 பக்கங்கள், கனத்த அட்டை, அட்டை நிறைய வண்ணப் படம். அதைச் சுற்றி ஐவர் இருந்தோம். மாற்றலாகி வந்த புதிய தலைமை ஆசிரியரை முதல் நாள் ஏனைய ஆசிரியர்கள் பார்ப்பது போல எல்லோரும் அதைப் பார்த்தோமேயன்றி, ஒருவராவது கை நீட்டித் தொடவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

அது காவியமன்று, நாவலன்று, சமய நூலுமன்று. ஒரு விளையாட்டின் விதிநூல். வயது வந்தவர்கள் ஐவர், ஒரு விளையாட்டின் விதிநூலை முன்னிட்டு இத்துணை மனக்கலக்கம் அடைவதா என்று நேயர்கள் நகைக்கலாம். நகைப்பது நியாயமே. நானும் ஒரு காலத்தில் நகைத்தவன்தான். ஆதலால் அவ்விளையாட்டு யாதென்பதை முதலிற் கூறிவிடுகிறேன்.

அதன் பெயர் ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’. ‘நிலவறைகளும் பறவை நாகங்களும்’ என்று ஒருவாறு தமிழாக்கலாம். சதுரங்கம் போல இதற்குப் பலகை கட்டாயமில்லை. சீட்டு இல்லை. வென்றவர், தோற்றவர் என்ற கணக்கும் இல்லை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து ஒரு கதையைக் கூடிப் புனைவதுதான் விளையாட்டு. ஒருவர் தவிர்ந்த மற்றையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை மேற்கொள்வர்: ஒருவர் வாள் வீரன், ஒருவர் மந்திரவாதி, இன்னொருவர் பூட்டுத் திறப்பதில் வல்ல கள்வன். எஞ்சிய அந்த ஒருவர் எங்கள் நாட்டுக் கூத்தின் அண்ணாவியாரை ஒத்தவர். ஆனால் கையில் ஏட்டுப் பிரதி இல்லாத அண்ணாவியார். “நீங்கள் ஒரு குகையின் வாயிலில் நிற்கிறீர்கள். உள்ளே நீர் சொட்டும் ஓசை கேட்கிறது. என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று அவர் கேட்பார். மற்றவர்கள் சொல்லும் மறுமொழியிலிருந்து கதை பிறக்கும்.

ஒரு செயல் கைகூடுமா கூடாதா என்ற ஐயம் எழும்போது கவறு, அதாவது தாயக்கட்டை, உருட்டப்படும். அவற்றுள் முதன்மையானது இருபது முகங்கள் கொண்டது. பூட்டிய கதவு ஒன்றின் கடினம் 15 என்று அண்ணாவியார் தீர்மானித்தால், கவற்றில் விழுந்த எண்ணோடு பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டி, 15ஐ எட்டினாற் கதவு திறக்கும். எட்டாவிட்டால் வேறு வழி தேடவேண்டியதுதான். சகுனியின் கவறு அவன் சொற்கேட்டு விழுந்தது. எங்கள் கவறுகள் ஒருவர் சொல்லையும் கேட்பதில்லை. கதையின் சுவையே அதிற்றான் இருக்கிறது.

நான் இதிற் சேர்ந்தது 2015இல். அப்போது ஆசிரியப் பணி புரிந்த பாடசாலையின் ஆசிரியர் அறையில், கணிதம் கற்பித்த நண்பர் ஒருவர் நாலாம் ஆள் தேடிக்கொண்டிருந்தார். சீட்டாட்டத்துக்கு அழைக்கிறார் என்று நினைத்துப் போனேன். என் முன்னே ஒரு தாளை வைத்தார். பாத்திரத்தின் பெயர், தொழில், தரம் என்று பல கட்டங்கள் அதில் இருந்தன. அவற்றுள் ஒரு கட்டத்தின் தலைப்பு ‘இனம்’.

அந்தக் கட்டத்தைக் கண்டு சிறிது நேரம் பேனாவை எடுக்காமல் இருந்தேன். எங்கள் நாட்டில் எனக்கு வழங்கப்பட்ட பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயரின் கீழே அவர் இனம், தாயின் பெயரின் கீழே அவர் இனம் என்று எழுதப்பட்டிருந்தது. அந்தக் கட்டங்களை நிரப்பும்போது என்னை ஒருவரும் கேட்கவில்லை. நான் தொட்டிலிற் கிடந்தேன். பிற்காலத்தில் அந்த ஒரு சொல்லின் பொருட்டு எத்தனை கந்தோர்களில், எத்தனை காவலரண்களில் மறுமொழி சொல்ல நேர்ந்தது என்பதை இலங்கையிற் பிறந்த வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. அதே கட்டம் இங்கே ஒரு விளையாட்டுத் தாளில் வெறுமையாகக் கிடக்கிறது. “எது வேண்டுமானாலும் தெரிந்தெடுங்கள்” என்கிறார் கணித ஆசிரியர். மனிதர், குள்ளர், ‘எல்ஃப்’ என்னும் நீள்செவியினர் என்று பட்டியல் நீள்கிறது. நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று அவர் கேட்டார், சொல்லவில்லை.

அன்று எங்களோடு புதிதாகச் சேர்ந்தவர் இன்னொருவர்: பாடசாலையின் நூலகர். அவருடைய தாயார் இங்கிலாந்தின் வடபுலத்தவர். தந்தையார் ஜமேக்காவிலிருந்து வந்தவர். அவர் பட்டியலை ஒருமுறைதான் பார்த்தார். ‘பாதி ஓர்க்’ என்று எழுதினார்.

‘ஓர்க்’ என்பது அந்த விளையாட்டுலகின் முரட்டு இனம். 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் அரக்கர் நூலிலே, அவர்கள் ஊரைக் கொளுத்திச் சூறையாடும் கூட்டமாக, பெரும்பாலும் பிறவியிலேயே தீயவர்களாக வருணிக்கப்பட்டிருந்தனர். ஓர்க் ஒருவருக்கும் மனிதர் ஒருவருக்கும் பிறந்த பிள்ளையே பாதி ஓர்க். உடல் வலிமைக்கு இரண்டு, தாங்கும் சக்திக்கு ஒன்று எனப் பிறப்புரிமையாகச் சில எண்கள் அவருக்கு உண்டு. உயிர்நிலை எண் சூனியத்துக்கு வரும்படி அடிபட்டாலும், ஒருமுறை ஒன்றோடு தாக்குப்பிடித்து நிற்கும் வரமும் உண்டு. வாள் வீரனாவதற்கு ஏற்ற பிறவி. நூலகரோ பிணி தீர்க்கும் பூசாரித் தொழிலைத் தெரிந்தெடுத்தார். பூசாரிக்கு வேண்டுவது ஞானம். அதற்கு ஓர்க் பிறப்பு ஒன்றும் தராது. “வேறு இனம் எடுத்தால் உங்கள் மந்திரம் வலுவாகுமே” என்றேன். “எடுக்கலாம்” என்றார். எடுக்கவில்லை.

ஒன்பது ஆண்டுகள் அந்தப் பூசாரி எங்கள் மேசையில் வாழ்ந்தாள். ஊர் வாயில்களிலே காவலர் அவளைத் தடுத்தனர். அந்தக் காவலர்களுக்குக் குரல் கொடுத்தவன் நான். இரண்டாம் ஆண்டிற் கணித ஆசிரியர் அண்ணாவியார் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டு, குள்ளர் இனத்துக் கோடரி வீரனாக மாறியிருந்தார். கொள்ளை நோய் கண்ட கிராமமொன்றில், அவள் கை பட்ட பிள்ளை பிழைத்ததும் அப்பிள்ளையின் பாட்டி அவளுக்கு உப்பிட்ட கூழ் கொடுத்ததும், நான் திட்டமிட்டு வைத்த கதையன்று. எங்கள் பழைய விதிநூலின் ஓரங்களிலே இத்தகைய நிகழ்ச்சிகளின் தேதிகள் பென்சிலால் எழுதப்பட்டிருக்கின்றன. தேநீர்க் கறையும் உண்டு. நடுத் தையல் விட்டுப்போய் நாடாவால் ஒட்டியிருக்கிறோம்.

அத்தகைய புத்தகத்தின் பக்கத்திலேதான் அன்றிரவு புதிய பதிப்பு வந்து அமர்ந்தது. எங்கள் குழுவுக்கு மூன்றாண்டுகளின் முன்பு வந்து சேர்ந்த பல்கலைக்கழக மாணவன் அதை வாங்கி வந்திருந்தான். தன் பணத்தில் வாங்கியவன் என்பதால் நாங்கள் காட்டிய மௌனம் அவனைச் சற்றே வருத்தியது.

‘பதிப்பு’ என்ற சொல் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பொருளையும் இந்த விளையாட்டுக்காரருக்கு வேறொரு பொருளையும் தருவது. நாவலரும் தாமோதரம்பிள்ளையும் பதிப்பித்தது பழையதைக் காப்பாற்றுவதற்காக. 1887இல் கலித்தொகை அச்சேறியபோது, செல்லரித்த ஏடுகள் சொன்னதையே அச்சும் சொல்லவேண்டும் என்பதுதான் பதிப்பாசிரியரின் கவலை. விளையாட்டின் புதிய பதிப்போ பழையதன் இடத்தைத் தான் பிடித்துக்கொள்ள வருவது. நன்னூலின் இறுதிச் சூத்திரத்தை எடுத்துக்காட்டி என் வாயை அடைக்க முயல்வோர் இருக்கக்கூடும். சொற்கள் தாமாகக் கழிவது வேறு. ஒரு கம்பனி தேதி குறித்துக் கழிப்பது வேறு என்பேன்.

கணித ஆசிரியருக்கு இந்தக் கவலை இல்லை. இது அவருக்கு ஐந்தாம் தடவையோ ஆறாம் தடவையோ.

இவ்விளையாட்டு பிறந்தது 1974இல், அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரில். கேரி கைகக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் ஆக்கியோர். பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் விளையாடியவர்கள் அவர்கள். படையை நடத்துவதை விட்டு, படையிலுள்ள ஒரு தனி மனிதனாக நின்று பார்த்தால் என்ன என்ற எண்ணத்திலிருந்து இது வளர்ந்தது. மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டி, விலை பத்து டொலர். முதலில் அச்சிட்டவை 1000 பிரதிகள். ஓராண்டுக்குள் அவை விற்றுத் தீர்ந்தன. அந்த மூன்றாவது புத்தகத்தின் முடிவுரை எனக்கு மிகப் பிடித்தமானது. இதற்கு மேல் உங்களுக்காக நாங்கள் ஏன் கற்பனை செய்ய வேண்டும், நீங்களே செய்யுங்கள் என்ற கருத்துப்பட ஆசிரியர்கள் விடைபெறுகிறார்கள். விதிநூல் ஒன்று அவ்வளவு பெருந்தன்மையோடு முடிவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. ஆனால் அதே கைகக்ஸ், 1979இல் வெளியிட்ட அண்ணாவியார் நூலிலே எல்லா மேசைகளும் ஒரே விதியைப் பின்பற்றுவதன் தேவையை வற்புறுத்தினார். ஐந்தாண்டுகளில் மனிதர் மாறிவிடுகிறார். அல்லது வியாபாரம் மாற்றிவிடுகிறது.

கணித ஆசிரியரிடம் 1983ஆம் ஆண்டுச் சிவப்புப் பெட்டி இன்றும் இருக்கிறது. பள்ளிப் பருவத்தில் வாங்கியது. அதனுள்ளே கவறுகளோடு ஒரு மெழுகு வர்ணக்கோலும் இருந்ததாம். கவற்றின் எண்கள் வெள்ளையாகத் தெரியும்படி அதனால் நாமே தேய்த்து நிரப்பிக்கொள்ள வேண்டும். 1989இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் இவ்விளையாட்டுப் பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இழுக்கிறதென்று அமெரிக்காவிலே பெரும் கூச்சல் எழுந்திருந்தமையால், பேய், பிசாசு என்ற சொற்கள் நூலிலிருந்து நீக்கப்பட்டு, வாயில் நுழையாத புதுப் பெயர்கள் சூட்டப்பட்டன. பேய்கள் என்னவோ அப்படியே இருந்தன. பின்வந்த பதிப்பில் பழைய பெயர்களும் திரும்பி வந்தன.

அந்தப் பின்வந்த பதிப்பு 2000ஆம் ஆண்டினது. விளையாட்டைத் தோற்றுவித்த கம்பனியை 1997இல் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் என்ற வேறொரு கம்பனி வாங்கியது. 1999இல் அதையும் ஹாஸ்புரோ என்ற பொம்மைக் கம்பனி வாங்கியது. அதுவரை கவச எண் குறையக் குறையப் பாதுகாப்புக் கூடும் என்றிருந்த கணக்கு, எண் கூடக் கூடப் பாதுகாப்புக் கூடும் என்று மாறியது. எல்லோரும் எளிதாயிற்று என்று மகிழ்ந்தனர். எங்கள் கணித ஆசிரியர் மட்டும், “கழித்தலையும் எடுத்துவிட்டார்கள், பிள்ளைகள் இனி எங்கே போய்க் கழித்தல் படிப்பது?” என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். 2008 பங்குனியிற் கைகக்ஸ் காலமானார். சில மாதங்களில் நான்காம் பதிப்பு வெளியாயிற்று. அது பலருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் பதிப்பை விட மனமில்லாதவர்கள், பைசோ என்னும் வேறு பதிப்பகம் 2009இல் அந்த விதிகளையே அடிப்படையாக வைத்து வெளியிட்ட ‘பாத்ஃபைண்டர்’ விளையாட்டுக்குப் போனார்கள். 2000ஆம் ஆண்டில் வழங்கப்பட்ட திறந்த உரிமப் பத்திரம் அவ்வாறு செய்ய இடமளித்திருந்தது. பிரிந்தவர்களைத் திருப்பியழைக்க வந்ததுதான் 2014ஆம் ஆண்டு ஐந்தாம் பதிப்பு, எங்கள் நாடா ஒட்டிய புத்தகம்.

உரிமப் பத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 தை மாதத்தில், அதை மாற்றிக் கடுமையாக்கும் நகலொன்று வெளியே கசிந்தது. உலகெங்கும் ஆட்டக்காரர் கொதித்தெழுந்தனர். அந்த மாதம் முடிவதற்குள் கம்பனி பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை எவரும் எடுத்தாளத் தக்க பொது உரிமத்தின் கீழ் விட்டுவிட்டது. அந்த மாதம் எங்கள் மேசையில் நடந்த தர்க்கம் எனக்கு நினைவிருக்கிறது. மருத்துவமனைத் தாதியாகப் பணிபுரியும் எங்கள் ஐந்தாமவர், அதிகம் பேசாதவர், “இதுவரை இது நம்முடையது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்” என்றார்.

புத்தகம் மேசையில் இன்னும் மூடியபடியே கிடக்கிறது. திறக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்வது முறை. புதிய நூல் நன்றாக அடுக்கப்பட்ட நூல். பின்பகுதியில் விதிகளின் அகராதியொன்று அகர வரிசையில் வைத்திருக்கிறார்கள். பழைய நூலில் ஒரு விதியைத் தேட அரைமணி நேரம் செல்லும். தேடும் வேளையில் வேறு மூன்று விதிகள் கண்ணிற் படும். இப்போது ஒரு நிமிடம் போதும். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மாணவன் பக்கங்களைப் புரட்டி, “இது இப்போதுதான் விளங்குகிறது” என்று மும்முறை சொன்னான். வாள், ஈட்டி, கோடரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திறன் கொடுத்திருப்பதால், போர்த்தொழிலார் வெறுமனே அடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காயம் ஆற்றும் மந்திரம் முன்பு எண்முகக் கவறு ஒன்றை உருட்டியது. இப்போது இரண்டை உருட்டுகிறது. பூசாரி வைத்திருக்கும் எந்தக் குழுவும் இதற்கு நன்றி சொல்லும்.

எல்லாம் தெளிவாகிவிட்டது என்று எண்ண வேண்டா. ஒளிந்துகொள்ள முயல்பவன் வெற்றி பெற்றால் ‘கண்ணுக்குப் புலனாகா நிலை’யை அடைவான் என்கிறது புதிய நூல். மந்திரத்தால் மாயமானவனுக்கும் பீப்பாவின் பின்னாற் குந்தியிருப்பவனுக்கும் ஒரே பெயர். பீப்பாவைச் சுற்றி ஒருவன் நடந்து வந்தால் என்ன ஆகும் என்று மாணவனும் கணித ஆசிரியரும் நாற்பது நிமிடம் வாதிட்டனர். தாதி அதற்கிடையில் இரண்டாம் முறை தேநீர் ஊற்றிவிட்டார்.

பிறகு, இனங்கள் பற்றிய அதிகாரத்துக்கு வந்தோம். ‘இனம்’ என்ற தலைப்புச் சொல்லைக் கைவிடப்போவதாகக் கம்பனி 2022ஆம் ஆண்டின் இறுதியிலேயே அறிவித்திருந்தது. புதிய நூலில் உயிரியல் மாணவர் வழங்கும் ‘உயிரினம்’ என்ற கருத்துடைய சொல் வந்திருக்கிறது. பிறப்பினால் ஒருவருக்கு வலிமையோ ஞானமோ கூடும் என்ற விதி எடுக்கப்பட்டுவிட்டது. 2020இல் வெளிவந்த துணைநூலொன்று, விரும்பினால் அந்த எண்களை மாற்றிக்கொள்ளலாம் என்று இசைவு கொடுத்திருந்தது. இப்போது அதுவே சட்டம். ஒருவரின் வளர்ப்பும் முன்னைய வாழ்வும்தான் இனி எண்களைக் கூட்டும். கோவிலில் வளர்ந்தவருக்கு ஞானம் கூடலாம். அவர் யாருக்குப் பிறந்திருந்தால் என்ன? ஓர்க் இனத்தவர் மனிதர், குள்ளரோடு சமமாக இந்த நூலில் ஒரு பக்கம் பெற்றுவிட்டனர்.

இதைப் படித்தபோது எனக்கு உண்டான முதல் உணர்ச்சி வெட்கம். ஓர் இனம் முழுவதையும் தீயதென்று எழுதிவைத்த அட்டவணையை ஒன்பது ஆண்டுகள் கூச்சமில்லாமல் எடுத்தாண்டவன் நான். ஓர்க் காவற்படை என்று சொல்லிவிட்டால், அவர்களை ஏன் கொல்ல வேண்டும் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். எனக்கும் வேலை மிச்சம். வேறொரு நாட்டில், வேறொரு புத்தகத்தில், என் இனத்தைப் பற்றி அப்படி ஒரு வரி இருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா? விளையாட்டுத்தானே என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டேன். திருப்தியாக இல்லை.

அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். பாதி ஓர்க் இல்லை. பாதி எல்ஃப்பும் இல்லை. ‘பாதி’ என்ற சொல்லோடு வந்த எவரும் இல்லை. மனிதராகலாம், ஓர்க் ஆகலாம். பாதி ஓர்க்கிடம் இருந்த, வீழ்ந்தும் வீழாது நிற்கும் அந்த வரம், இப்போது முழு ஓர்க்கின் பெயரில் எழுதப்பட்டிருந்தது. பழைய நூல்களின் இனங்களையும் புதிய விதிகளோடு சேர்த்து ஆடலாம் என்று நூல் இசைவு தருகிறதென்பதை மறைக்கமாட்டேன். ஆகவே எங்கள் பூசாரிக்கு ஆபத்து ஒன்றுமில்லை, அவள் வரலாம். முன்வாசலால் அன்று, பின்கதவால்.

நான் கோபங்கொண்டேன். வெட்கம் கோபமாக மாறுவதற்கு அதிக நேரம் செல்வதில்லை. “இதென்ன நியாயம்? ஓர்க்குக்கு மரியாதை செய்வதென்றால் செய்யட்டும். அதற்காக இரண்டு பக்கத்துக்கும் பிறந்தவர்களை இல்லாதவர்களாக்குவதா?” என்று நூலகரைப் பார்த்துச் சொன்னேன். அவருக்காகப் பேசுவதாக எனக்கு நினைப்பு. 1989இற் பேய் என்ற சொல்லைப் பயத்தால் எடுத்தார்கள், இன்று பாதி என்ற சொல்லை நல்ல பெயருக்காக எடுக்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான் என்றெல்லாம் சொன்னேன். மாணவன் மறுத்தான். பேய்க்கு மனம் நோகாது, மனிதருக்கு நோகும், ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்றான். அந்த மறுமொழி எனக்கு அப்போது பிடிக்கவில்லை; பின்பு யோசித்தபோது அவன் பக்கம் நியாயம் அதிகம் என்று தோன்றியது.

நூலகர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்த அதிகாரத்தை முழுவதும் படித்தார். நூலகர்கள் படிக்கும் விதம் வேறு. எவ்வளவு பேர் காத்திருந்தாலும் அவசரப்படமாட்டார்கள்.

“பாதி என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சூட்டியவர்கள் உண்டு” என்றார் கடைசியில். “அதை நான் தெரிந்தெடுக்கவில்லை. இந்த மேசையில்தான் முதன்முதலாக நானாகத் தெரிந்தெடுத்தேன். உங்கள் காவலர்கள் வாயிலில் அவளைத் தடுத்தபோதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஏனென்றால் அடுத்து என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியும். எனக்குப் பன்னிரண்டு வயதில் தெரியவில்லை.”

“அப்படியானால் அதை எடுத்தது பிழைதானே?”

“அதுவும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தப் புத்தகத்தை முதன்முதலாகத் திறக்கும் ஒரு பிள்ளை அந்தச் சொல்லைக் காணாமல் வளர்வது நல்லதுதான். அந்தச் சொல்லை எடுத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. எடுத்த இடத்தில் வேறொன்றும் எழுதாமல் விட்டார்களே, அதுதான். இரண்டு பேருக்கும் பிறந்தவள் என்று சொல்வதற்கு ஒரு நல்ல சொல் அவர்களுக்கும் அகப்படவில்லை போலும்.” சற்றுப் பொறுத்து, “எனக்கும் இன்னும் அகப்படவில்லை” என்றார்.

நான் அவருக்காகப் பேசியதை அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அதுவே எனக்குப் போதிய தண்டனை.

கணித ஆசிரியர் தம் தீர்ப்பைக் கூறினார். தமது குள்ளன் பழைய தாளிலேயே இருப்பான். புதிய தாள் எழுத மாட்டார். ஆனால் மற்றவர்கள் எதில் விளையாடினாலும் அவருக்கு ஆட்சேபமில்லை. பழைய பாத்திரமும் புதிய பாத்திரமும் ஒரே மேசையில் இருக்க முடியுமா என்று மாணவன் கேட்டான். பழைய நூல்களோடு இணைந்து செல்லும் என்றுதான் கம்பனியே சொல்லியிருக்கிறது என்றேன். “கம்பனி சொல்லாவிட்டாலும் இருக்கும்” என்று கணித ஆசிரியர் சிவப்புப் பெட்டியைத் தட்டினார். அன்று அதையும் கொண்டுவந்திருந்தார், எதற்கென்று தெரியாது. பக்கபலமாக இருக்கட்டும் என்றிருக்கலாம்.

மேலும் ஆறு மாதத்துக்குள் புதிய அண்ணாவியார் நூலும் அரக்கர் நூலும் வந்து சேர்ந்தன. 2025இல் வந்த அரக்கர் நூலில் ஓர்க் என்ற தலைப்பே இல்லை. கொல்லப்பட வேண்டியோர் பட்டியலிலிருந்து அவர்கள் நீங்கிவிட்டார்கள். இப்போது என் கதைகளில் ஒரு கொள்ளைக் கூட்டத்தைக் கொண்டுவருவதானால், அவர்கள் யார், ஏன் கொள்ளையடிக்கிறார்கள் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அது எனக்கு வேலையைக் கூட்டிவிட்டது. ஆயினும் கதை கெட்டுவிட்டதென்று சொல்லமாட்டேன்.

பழைய புத்தகத்தை நான் அலுமாரியில் வைக்கவில்லை. அண்ணாவியார் மறைப்புக்காக என் முன்னே நிறுத்தி வைக்கும் அட்டைத் திரைக்கு இந்தப் பக்கம், ஒருவர் கண்ணிலும் படாமல் அது கிடக்கிறது. புதிய நூலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறேன். பழைய நூலில் தேதி குறிக்கிறேன். புதிய நூலின் ஓரங்கள் இன்னும் வெள்ளையாகவே இருக்கின்றன. அதில் எழுத எனக்குக் கை வரவில்லை. ஒருவேளை அது மாணவனுடைய புத்தகம் என்பதாலும் இருக்கலாம்.

புதிய விதியில் முதல் ஆட்டத்துக்கு நூலகர் புதிய தாள் ஒன்று எழுதி வந்தார். ‘உயிரினம்’ என்ற கட்டத்தை அவர் எப்படி நிரப்பியிருக்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். ஓர்க் என்றும் இல்லை, மனிதர் என்றும் இல்லை. பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன: பூசாரியின் தாய் பெயர், தந்தை பெயர். ஒன்பது ஆண்டுகளில் அந்தப் பெயர்களை அவர் எங்களுக்குச் சொன்னதில்லை. அண்ணாவியார் என்ற முறையில் அந்தக் கட்டத்தில் விதிப்படி ஒன்றை எழுதச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு. சொல்லவில்லை. எந்தப் பக்கத்து வரத்தை எடுத்துக்கொள்கிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். “வீழ்ந்தும் நிற்பதை” என்றார்.

அன்றைய கதையில் இடிந்த பாலமொன்றின் கீழே சண்டை மூண்டது. கணித ஆசிரியரின் குள்ளன் பழைய தாளில் உள்ளபடியே போரிட்டு, பழைய தாளில் உள்ளபடியே வீழ்ந்தான். அடுத்த முறை பூசாரியினுடையது. அவள் ஆற்றைக் கடந்து ஓடிப்போய் அவன் மார்பிற் கை வைத்தாள். நூலகர் எண்முகக் கவறு இரண்டைக் கையில் எடுத்தார்.

பழைய விதிப்படி ஒன்றுதான் என்று சொல்லக்கூடியவர் அந்த மேசையில் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் சிவப்புப் பெட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு கவறுகள் உருண்டு நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார்.

“ஏழும் ஆறும்” என்றார் கணித ஆசிரியர். “கூட்டுங்கள்.”